$ஐடி$ விரியவே மாட்டேன் என்கிறதே?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்க சப்வெர்ஷன் (எஸ்விஎன்) என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். பழைய கோப்புகளின் தலைப்பில் இருக்கும் $ஐடி$ என்ற கீவேர்ட் (ஆங்கிலத்தில் $Id$) தானாக விரிந்து கோப்பின் பெயர், ரிவிஷன் (மாற்ற) எண், தேதி, கமிட் செய்தவர் (மாற்றத்தைப் பதிந்தவர்) பெயர் எல்லாம் காட்டுகிறது. நான் புதிதாகச் சேர்த்த கோப்புகளில் மட்டும் எழுதியது எழுதியபடியே கிடக்கிறது. எத்தனை முறை கமிட் செய்தாலும் அதே கதைதான். என்ன செய்வது?

பதில்: கோப்புக்குள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, கோளாறு வெளியே இருக்கிறது. சிவிஎஸ் என்ற இதே வகைப் பழைய மென்பொருளில் கீவேர்டுகள் கேட்காமலே விரியும். சப்வெர்ஷனில் அப்படி இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் 'எஸ்விஎன்:கீவேர்ட்ஸ்' என்ற ப்ராப்பர்ட்டியை, அதாவது கோப்போடு ஒட்டியிருக்கும் அமைப்பை, தனியாகப் போட வேண்டும். ஒரு பழைய கோப்பிலும் ஒரு புதிய கோப்பிலும் 'எஸ்விஎன் ப்ராப்கெட்' கட்டளை கொடுத்து அந்த ப்ராப்பர்ட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பழையதில் ஏதாவது வரும், புதியதில் பெரும்பாலும் ஒன்றும் வராது.

அப்படியானால் பழைய கோப்புகளுக்கு யார் போட்டது? அவற்றைச் சேர்த்தவரின் கணினியில் ஆட்டோ-ப்ராப்ஸ் (புதிய கோப்புகளுக்கு ப்ராப்பர்ட்டியைத் தானாகப் போடும் வசதி) இயங்கியிருக்கலாம் என்பது என் ஊகம். அது அவரவர் கணினியின் கான்ஃபிக் கோப்பில் இருக்கும் அமைப்பு. எல்லோருக்கும் பொதுவான களஞ்சியமான ரெப்பாசிட்டரியோடு சேர்ந்து வராது. அவர் வேலையை விட்டுப் போனால் அந்த வசதியும் கூடவே போய்விடும். உங்கள் கணினியில் இப்போது அதை இயக்கினாலும் இனி சேர்க்கும் கோப்புகளுக்குத்தான் பலன். ஏற்கெனவே சேர்த்தவற்றுக்கு 'எஸ்விஎன் ப்ராப்செட்' கட்டளையால் அந்த ப்ராப்பர்ட்டியைப் போட்டு, மறக்காமல் கமிட் செய்யுங்கள். கமிட் ஆனதும் உங்கள் பிரதியில் விரிந்திருக்கும். படம், பிடிஎஃப் போன்ற கோப்புகளை மட்டும் தொடாதீர்கள்.

ப்ராப்பர்ட்டி இருந்தும் விரியவில்லையா? அதன் மதிப்பை, அதாவது அதில் எழுதிய கீவேர்டுகளின் பெயர்களைப் பாருங்கள். பலர் அங்கேயும் டாலர் குறி போட்டுவிடுகிறார்கள், அல்லது பெயர்களுக்கு நடுவே கமா வைக்கிறார்கள். வெறும் பெயர்கள், நடுவில் இடைவெளி, அவ்வளவுதான். அப்புறம் எழுத்து வடிவம்: ஆங்கிலத்தில் Id என்பதில் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சின்னது. இரண்டையும் பெரிய எழுத்தில் அடித்தால் சப்வெர்ஷன் கண்டுகொள்ளாது. தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது! கோப்பு யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்க வடிவில் இருந்தாலும் விரியாது.

உங்கள் சர்வரும் எல்லோருடைய கணினியில் உள்ள கிளையன்ட்டும் சப்வெர்ஷன் 1.8 அல்லது அதற்குப் பிந்தையவை என்றால், 'எஸ்விஎன்:ஆட்டோ-ப்ராப்ஸ்' என்ற ப்ராப்பர்ட்டியை ப்ராஜெக்டின் மேல் கோப்புறையிலேயே போட்டுவிடலாம். கீழே சேர்க்கும் கோப்புகள் அதைப் பின்பற்றும். ஒவ்வொருவர் கான்ஃபிக்கையும் துரத்த வேண்டாம்.

விரிய ஆரம்பித்ததும் அடுத்த சந்தேகம் வரும்: "ரெப்பாசிட்டரியின் ரிவிஷன் எண் 900-ஐத் தாண்டிவிட்டது, இந்தக் கோப்பு மட்டும் 412 காட்டுகிறதே?" சரியாகத்தான் காட்டுகிறது. அந்தக் கோப்பு கடைசியாக மாறியது 412-இல். நீங்கள் உருவாக்கும் மென்பொருளின் 'அபௌட்' திரையில் மொத்தப் பிரதியின் எண் வேண்டுமென்றால் கீவேர்டை நம்பாதீர்கள். பில்ட் செய்யும்போது 'எஸ்விஎன்வெர்ஷன்' கட்டளையை ஓட்டி, அது தரும் எண்ணை எடுத்துப் போடுங்கள்.