நீல முட்டைக் கோழி என்று வாங்கினேன். ஒன்று பச்சையாகவும் ஒன்று வெளிர் நிறத்திலும் இடுகிறதே?

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறேன். ‘அரவுக்கானா’ என்று சொல்லி விற்ற ஐந்து பெட்டைக் குஞ்சுகளும் ஒரு சேவல் குஞ்சும் வாங்கினேன். இப்போது ஏழு மாதம். எல்லாவற்றுக்கும் வால் உண்டு, கன்னத்தில் தாடி போல இறகு, கால் பச்சை கலந்த சாம்பல். மூன்று பெட்டைகள் இட ஆரம்பித்துவிட்டன. ஒன்று நீலப்பச்சை, ஒன்று மாவடு நிறம், ஒன்று இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம். ஏமாந்துவிட்டேனா? இந்தச் சேவலை என் கம்பத்து நாட்டுக்கோழிகளோடு விட்டால் நீல முட்டையிடும் குஞ்சுகள் கிடைக்குமா? இரண்டு வாரமாக முட்டை ஓடும் மெலிதாக இருக்கிறது.

பதில்: உங்களிடம் இருப்பவை கலப்பினம். ‘ஈஸ்டர் எக்கர்’ என்று அழைப்பார்கள். வாலை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. அமெரிக்க அரவுக்கானாவுக்குத்தான் வால் கிடையாது, காதோரம் குஞ்சம் இருக்கும். பிரிட்டனில் அதே பெயரில் வளர்க்கும் கோழிக்கு வாலும் கன்னத் தாடியும் உண்டு. அமெரவுக்கானா என்ற இன்னொரு நீல முட்டை இனமும் வாலோடு, தாடியோடு, சாம்பல் நிறக் காலோடுதான் இருக்கும். முடிவைச் சொல்வது அந்த வெளிர் நிற முட்டை. தூய இனமாக இருந்தால் கூட்டத்தில் ஒன்றுகூட அப்படி இடாது. விற்றவர் சொன்ன பெயர் தவறு. ஆனால் உங்கள் பெட்டைகளில் இரண்டிடமாவது நீல மரபணு இருக்கிறது. அதை வைத்து வேலை செய்யலாம்.

முதலில் ஓட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். மூன்று முட்டைகளையும் உடைத்து, ஓட்டைக் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை நகத்தால் உரித்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாவடு நிற முட்டையின் உட்புறம் வெளிர்நீலமாக இருக்கும். நீலம் தரும் பிலிவெர்டின் என்ற நிறமி ஓடு உருவாகும்போதே அதன் முழுக் கனத்திலும் கலந்துவிடுகிறது. பழுப்பு நிறமியோ பெரும்பாலும் கடைசி நேரத்தில் மேலே பூச்சாகப் படிகிறது. நீல ஓட்டின் மேல் மெல்லிய பழுப்புப் பூச்சு விழுந்தால் பச்சை, கனமான பூச்சு விழுந்தால் மாவடு நிறம். வெளிர் நிற முட்டையின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் அந்தப் பெட்டையிடம் நீல மரபணு அறவே இல்லை. தீவனத்தாலோ கீரையாலோ அது நீலத்துக்கு மாறாது. ஒரு கோழியின் முட்டை நிறம் ஆயுளுக்கும் ஒன்றுதான். முட்டையிடும் பருவம் நீள நீளச் சற்று வெளிறும். இறகு உதிர்த்து ஓய்வெடுத்தபின் மறுபடி அழுத்தமாகும்.

இன்னும் இடாத இரண்டு பெட்டைகளைப் பொறுத்தவரை காத்திருங்கள். கொண்டையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். அமெரவுக்கானா வழி வந்த கோழியில் நீல மரபணுவும் பட்டாணிக் கொண்டை மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பதால், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே குஞ்சுக்குப் போகும் என்பது உண்மைதான். பட்டாணிக் கொண்டை என்பது மூன்று வரிசைச் சிறு முண்டுகளாகத் தலையோடு படிந்திருப்பது. ஆனால் நம் ஊரில் இந்த அடையாளம் காலை வாரிவிடும். சண்டைக்கோழி ரத்தம் கலந்த கம்பத்துக் கோழிகள் பலவற்றுக்கு இயல்பாகவே பட்டாணிக் கொண்டை உண்டு. அவற்றிடம் நீல மரபணு இருக்காது. அதேபோல், நீல முட்டையிடும் கிரீம் லெக்பாருக்கு நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை. ஆகவே பெற்றோர் யார் என்று தெரியாத குஞ்சைக் கொண்டை பார்த்து வாங்காதீர்கள். பச்சைக் காலும் சாட்சி ஆகாது.

இனி சேவல். நிறைய பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். அடை வைக்கும் முட்டை எவ்வளவு நீலமாக இருந்தாலும், அந்த நிறம் தாயைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உள்ளே வளரும் குஞ்சுக்குப் பாதி தகப்பன் தருவது. நீல மரபணு ஓங்கு தன்மை உடையது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று நீலமாக இருந்தாலே ஓடு நீலமாகும். சேவலிடம் இரண்டு பிரதியும் இருந்தால் உங்கள் கம்பத்துக் கோழிகளுக்குப் பிறக்கும் பெட்டைகள் எல்லாமே நீலமோ பச்சையோ இடும். ஒன்றுதான் இருந்தால் பாதி. ஒன்றுமே இல்லையென்றால் எதுவும் வராது. உங்கள் சேவல் இந்த மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

சோதிக்க ஒரு வழி உண்டு, பொறுமை வேண்டும். வெளிர் அல்லது பழுப்பு முட்டையிடும் கம்பத்துப் பெட்டைகளோடு மட்டும் அதை விட்டு, குஞ்சு பொரித்து, பெட்டைகளை முட்டைக்கு வரும்வரை வளர்க்க வேண்டும். ஒரே ஒரு மகள் நீலமற்ற முட்டை இட்டாலும் சேவலிடம் இரண்டு பிரதி இல்லை என்று உறுதி. ஐந்து மகள்கள் வரிசையாக நீலமோ பச்சையோ இட்டால், ஒற்றைப் பிரதிச் சேவல் தற்செயலாக அப்படிக் காட்டுவதற்கான வாய்ப்பு 32இல் 1தான். அதன்பின் அந்தச் சேவலை நம்பலாம்.

ஆறேழு மாதம் காத்திருக்க இடமில்லை என்றால், கூட்டத்தில் எல்லாப் பெட்டையும் நீலமே இடுகிற ஒருவரிடம் கிரீம் லெக்பார் சேவல் வாங்குவதையே நான் சொல்வேன். காரணம் நம் வெயில். கோழிக்கு வியர்க்காது, கொண்டை, தாடைக்குக் கீழே தொங்கும் சதை வழியாகவும் மூச்சிரைத்துமே சூட்டை வெளியேற்றும். சிறிய பட்டாணிக் கொண்டையும் அடர்ந்த கன்னத் தாடியும் குளிர் நாட்டுக்குச் சரி, பினாங்கு மதியத்துக்குச் சுமை. லெக்பாரின் பெரிய கொண்டை இங்கே உதவும். இன்னொரு வசதி: தூய லெக்பார் குஞ்சைப் பொரித்த அன்றே ஆண் பெண் பிரித்துவிடலாம். பெண்ணுக்கு முதுகில் அழுத்தமான பழுப்புக் கோடு தெளிவாக ஓடும்; ஆண் வெளிறி, தலையில் வெளிர் புள்ளியோடு இருக்கும். கலப்புக் குஞ்சில் இதை நம்பாதீர்கள்.

உங்கள் வீடு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருந்தால், சேவல் வைப்பதற்குமுன் மாநகர் மன்றத்தில் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாலைக் கூவலுக்குப் புகார் வந்தால் முழுக் கூட்டத்துக்குமே சிக்கல். முட்டைக்காக மட்டும் என்றால் சேவலே தேவையில்லை.

மெலிந்த ஓட்டுக்கு வருவோம். உங்கள் பெட்டைகள் இளசு, அதனால் வயதைக் குறை சொல்ல முடியாது. முதல் சந்தேகம் சூடு. மூச்சிரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் ரத்தத்தில் குறைந்துவிடுகிறது. மதியம் வாயைத் திறந்து, இறக்கையை உடலிலிருந்து விலக்கி நிற்கின்றனவா என்று கவனியுங்கள். தகரக் கூரைக்கு மேல் அத்தாப்பு (ஓலைக் கீற்று) பரப்புங்கள். தண்ணீரை நிழலில் வைத்து, மதியம் ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். வெயில் நாளில் ஒரு கோழி அரை லிட்டர் வரை குடிக்கும். தீவனத்தை விடிகாலையிலும் மாலையிலும் போடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் மிச்சச் சோறு. ஒரு பெட்டைக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் முட்டைக்கோழித் தீவனம் வேண்டும். அதில் 16 சதவீதப் புரதமும் 3.5 முதல் 4 சதவீதக் கால்சியமும் இருக்க வேண்டும். சோற்றில் வயிறு நிறைந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். பொடித்த சிப்பி ஓட்டைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அவையே கொத்திக்கொள்ளும். முட்டைக்கு வராத இளசுகளுக்கு முட்டைக்கோழித் தீவனத்தைப் பழக்காதீர்கள்; அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சூடு, தீவனம் இரண்டையும் சரிசெய்து மூன்று வாரமாகியும் ஓடு மெலிந்தோ, சுருக்கம் விழுந்தோ, உள்ளே வெள்ளைக்கரு தண்ணீராகவோ இருந்தால் தொற்று மூச்சுக்குழல் அழற்சியாக (Infectious Bronchitis) இருக்கலாம். அப்போது கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதுவரை ஒவ்வொரு பெட்டையின் காலிலும் வெவ்வேறு நிற வளையம் மாட்டி, எது எந்த நிற முட்டை இட்டது என்று தேதியோடு எழுதி வாருங்கள். மாவடு நிறம் இடுபவளையும் வைத்துக்கொள்ளுங்கள், அவளிடமும் நீலம் இருக்கிறது. சுத்த நீலம் வேண்டுமென்றால் அடைக்கு எடுக்க வேண்டியது பூச்சு மிகக் குறைவாக உள்ள முட்டையை. பழுப்புப் பூச்சைப் பல மரபணுக்கள் ஆள்வதால் அது ஒரே தலைமுறையில் போகாது.