ரொறொன்ரோ குளிருக்குப் புறக்கோட்டை ஹெயார் டிரையர் உதவுமா?

கேள்வி: கனடாவில் மகன் வீட்டில் போன குளிர்காலத்தில் குசினி சிங்க்குக்குக் கீழே தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. டிசம்பரில் நான் அங்கே போகிறேன். குழாயைச் சூடாக்கக் கொழும்புப் புறக்கோட்டையில் 2000 வாட் ஹெயார் டிரையர் ஒன்று வாங்கிப் போகலாமா? கொதிநீர் ஊற்றினாலே போதாதா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இங்கே வாங்காதீர்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. வோல்ட் ஏறக்குறையப் பாதியானால் சூடு கால்பங்காகிவிடும். உங்கள் 2000 வாட் டிரையர் அங்கே 550 வாட்டைக்கூடத் தொடாது. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல. சிஎஸ்ஏ (கனடாவின் பாதுகாப்புத் தரச் சான்று) முத்திரையுள்ள சாதாரண டிரையர் ஒன்றை மகன் அங்கேயே வாங்கட்டும்.

கொதிநீர் வேண்டவே வேண்டாம். சில்லிட்ட குழாயும் மூட்டும் திடீர்ச் சூட்டில் வெடிக்கலாம். தீச்சுடர் வீசும் புளோ டோர்ச் அதைவிட மோசம்: சுவருக்குள் இருக்கும் பலகை பற்றிக்கொள்ளும்.

வீட்டுத் தண்ணீர் முழுவதையும் மூடும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்பதை இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். குழாய் உறைந்தால் முதலில் அதைத் தடவிப் பார்க்க வேண்டும். வெளியே வெண்பனி படிந்த இடத்தில்தான் பெரும்பாலும் அடைப்பு இருக்கும். வீக்கமோ வெடிப்போ தெரிந்தால் மெயினை மூடிவிட்டு பிளம்பரைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் டெப்பைத் திறந்து வைத்து, டெப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி டிரையரை மெல்ல நகர்த்த வேண்டும். நடுவில் தொடங்கினால் உருகிய நீரும் ஆவியும் இரண்டு பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிக் குழாயைப் பிளக்கலாம். தரையில் தண்ணீர் நின்றால் டிரையரைக் கையில் எடுக்கவே கூடாது.

தண்ணீர் வரத் தொடங்கியதும் மூட்டுகளைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். வெடிப்பை அதுவரை பனிக்கட்டியே அடைத்து வைத்திருக்கும். அது உருகிய பிறகுதான் கசிவு தெரியும்.

கடுங்குளிர் இரவுகளில் சிங்க் அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து, டெப்பில் நூல்போல் தண்ணீர் ஓட விடலாம். உறையும் நீர் சுமார் 9 சதவீதம் பெருகும். மூடிய டெப்புக்கும் பனிக்கட்டிக்கும் இடையே ஏறும் அழுத்தம்தான் குழாயை உடைக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் அதே இடம் உறைந்தால், தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) உள்ள, குழாயில் பொருத்தும் சூடேற்றும் கேபிள் வாங்குவது நல்லது. குழாயை அளந்தே வாங்க வேண்டும், மிஞ்சியதை வெட்டக் கூடாது. கேபிளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றினால் அந்த இடம் கருகும். பிளாஸ்டிக் குழாய் என்றால், அதற்கு உகந்தது என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும்.

வீடு முழுக்கவே தண்ணீர் வராமல் போனால் உறைவு தெருக் குழாய்ப் பக்கம் இருக்கலாம். ரொறொன்ரோ நகரசபையின் 311 இலக்கத்தை அழைக்கச் சொல்லுங்கள்.