மலைக் குளிரில் புரொய்லர் கோழி மூச்சுத் திணறுவது ஏன்?

கேள்வி: டொக்டர் ஐயா, நாங்கள் நானுஓயாப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு 200 புரொய்லர் வளர்க்கிறோம். இது மூன்றாவது தடவை. குளிருக்குப் பயந்து உரச்சாக்கால் சுற்றிவர அடைத்து, இரவெல்லாம் பல்ப் எரிய விடுகிறோம். நாலாவது கிழமை தாண்டியதும் நன்றாகக் கொழுத்த கோழிகளாகப் பார்த்து வயிறு ஊதி, கொண்டை நீலமாகி, இரண்டு மூன்று நாள் மூச்சுக்குத் தவித்துச் சாகின்றன. இந்த முறை 19 போய்விட்டன. தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தும் நிற்கவில்லை. "விற்கத்தானே வளர்க்கிறோம், ஏனம்மா இந்தச் சித்திரவதை?" என்று மகன் கேட்கிறான். வதைக்காமல் வளர்க்க வழி உண்டா? முட்டைக்கோழியைக் கம்பிக் கூண்டில் வளர்த்தால் தொல்லை இல்லை என்று பக்கத்தில் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதிய அடையாளங்கள் வயிற்றில் நீர் கோக்கும் நோயைத்தான் காட்டுகின்றன. மனிதருக்கு வந்தால் மகோதரம் என்போமே, அந்த மாதிரி. அடுத்து ஒன்று செத்தால் புதைக்காமல் அன்றைக்கே உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். கீறிப் பார்த்தால் வயிற்றுக்குள் மஞ்சள் நீர் நிற்கும், இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளர்ந்திருக்கும். இது கிருமியால் வருவதல்ல. அதனால்தான் தண்ணீரில் கலந்த மருந்து வேலை செய்யவில்லை. மிருக வைத்தியர் பார்த்து உறுதி செய்ததும் அந்த மருந்தை விட்டுவிடுங்கள். காசும் வீண், மருந்து இறைச்சியிலும் தங்கும்.

ஏன் உங்கள் கொட்டிலில் இவ்வளவு? கோழியின் நுரையீரல் நம்முடையதைப் போல ஊதிச் சுருங்காது. விலா எலும்போடு ஒட்டி இறுகிக் கிடக்கும். கூடுதலாக இரத்தம் வந்தால் விரிந்து கொடுக்க அதற்கு இடமில்லை. இந்தச் சின்ன நுரையீரலை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய உடம்பைத் தாங்குகிறது என்று பாருங்கள். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டுக் கோழி வர்க்கத்தையும் 2005ஆம் ஆண்டு வர்க்கத்தையும் ஒரே தீன் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாள் பழைய வர்க்கம் 905 கிராம், புதியது 4,202 கிராம். தீன் ஒன்றுதான். மாறியது கோழியின் பிறப்பு. அந்தச் சதைக்கெல்லாம் ஒட்சிசன் அனுப்ப இதயம் ஓயாமல் இடிக்கிறது. ஒரு கட்டத்தில் வலப்பக்கம் தளர்ந்து, இரத்தம் பின்னால் தேங்கி, ஈரலிலிருந்து நீர் வயிற்றுக்குள் கசிகிறது. வேகமாகக் கொழுத்ததுதான் முதலில் விழும். நீங்கள் கண்டதும் அதுதான்.

இதற்கு மேல் நம் மலை. நானுஓயா ரயில் நிலையமே கடல் மட்டத்துக்கு 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கொழும்பில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இங்கே குறைவு. குளிரில் உடம்பைச் சூடாக வைத்திருக்கவும் ஒட்சிசன் வேண்டும். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலை நாடுகளில் இந்த நோயை நெடுங்காலமாகக் கண்டு எழுதியிருக்கிறார்கள். கீழ்நாட்டில், கம்பஹாவில் இதே குஞ்சை வளர்க்கிறவருக்கு இவ்வளவு சாவு விழாது. ஆகவே இதை உங்கள் கைப்பிழை என்று எண்ணி அழ வேண்டாம். ஆனால் இந்தக் கோழியை இந்த உயரத்துக்கு, இந்தக் குளிருக்குக் கொண்டு வருவது என்பது நாம் எடுக்கிற முடிவுதான். மகன் கேட்டது சரியான கேள்வி.

இப்போது கொட்டிலில் இருப்பவற்றுக்கு என்ன செய்யலாம்? இன்றைக்கே கூரைக்குக் கீழே ஒரு அடி உயரத்துக்குச் சாக்கை அவிழ்த்துவிடுங்கள். கீழே, கோழி நிற்கிற உயரத்தில் மட்டும் காற்று நேரே படாதபடி மறைப்பு இருக்கட்டும். குளிரென்று முழுக்க அடைப்பது நம் ஊர்களில் எல்லோரும் செய்கிற பிழை. எச்சத்திலிருந்து எழும் அமோனியா வெளியே போக வழியில்லாமல் ஏற்கனவே திணறுகிற நுரையீரலைப் புண்ணாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நெருக்கமாக வளர்க்கும் கொட்டில்களில் கோழியின் தலை மட்டத்தில் அமோனியா 20 பிபிஎம்மை, அதாவது காற்றில் பத்து இலட்சத்துக்கு 20 பங்கைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. உங்களுக்கு அதற்குக் கருவி தேவையில்லை. காலையில் கொட்டிலுக்குள் போய் நிற்காமல் குந்தி உட்காருங்கள். கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுங்கள். கண் கரித்தால் அளவு எப்போதோ தாண்டிவிட்டது. இந்த வேலையை மகனிடமே கொடுக்கலாம். அவன் உயரமும் தோது.

கீழே போட்டிருக்கும் மரச்சீவலைக் கையில் அள்ளிப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக ஒட்டினால் ஈரம் கூடிவிட்டது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் முதலில் நனையும், அங்கே மாற்றினாலே பாதி சரியாகும். கொட்டிலுக்குள் சிரட்டைக் கரி மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்த கொட்டிலில் அது நேரடி ஆபத்து. குஞ்சுக்கு முதல் நாட்களில் 32, 33 பாகை சூடு வேண்டும், கிழமைக்கு இரண்டு மூன்று பாகை குறைத்துக்கொண்டு வரலாம். சூடு வேறு, வெளிச்சம் வேறு. இரவெல்லாம் வெளிச்சம் இருந்தால் கோழி எழும்பி எழும்பித் தின்னும், இன்னும் வேகமாகக் கொழுக்கும். முதல் கிழமைக்குப் பிறகு இரவில் ஆறு மணித்தியாலமாவது இருட்டு வேண்டும். வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் விளக்குக் கிடைத்தால் நல்லது. இரண்டாம், மூன்றாம் கிழமைகளில் குறுணித் தீனுக்குப் பதில் மாவாக அரைத்த மாத்தீன் கொடுங்கள். வளர்ச்சி சற்றுத் தாமதிக்கும், இதயத்துக்கு அவகாசம் கிடைக்கும். இடமும் முக்கியம். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்பது வழக்கக் கணக்கு. நான் ஒன்றரை அடி கேட்பேன்.

வயிறு ஊதி, நீலம் பாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற கோழி பிழைக்காது. "தானாகச் சாகட்டும், நம் கையால் வேண்டாம்" என்று விடுவது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு மூன்று நாளும் அது நீரில் மூழ்குகிறவன் போலத் தவிக்கிறது. கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் விலக்கிச் சாகடிக்கும் முறை உண்டு. சரியாகச் செய்தால் கணத்தில் முடியும், தப்பாகச் செய்தால் கொடுமை. மிருக வைத்தியரை ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பழகுங்கள். அந்தக் கோழியைக் கறிக்கு விற்க வேண்டாம்.

கம்பிக் கூண்டு பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். ஐரோப்பாவில் பழைய கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு எழுதும் ஏ4 தாள் அதைவிடப் பெரியது. 2012 ஜனவரியிலிருந்து அங்கே அந்தக் கூண்டுக்குத் தடை. பண்ணை விலங்குக்கு எழும்பவும், படுக்கவும், திரும்பவும், உடம்பைக் கோதவும், கைகால் நீட்டவும் இடம் வேண்டும் என்று பிரித்தானியாவில் அரசு அமைத்த பிரம்பல் குழு 1965இலேயே சொன்னது. அந்தக் கூண்டில் சிறகை விரிக்க முடியாது. மண்ணில் புரளுவதும் ஒதுக்குப்புறம் தேடி முட்டையிடுவதும் கோழிக்குப் பசி, தாகம் மாதிரி. நம் நாட்டு மிருக வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. இப்படிப்பட்ட பண்ணையை அன்றைக்கு யாரும் கண்டதில்லை. சட்டம் தடுக்கவில்லை என்பதால் சரியென்று ஆகாது.

நான் கோழிக்கறி சாப்பிடுகிறவன்தான். வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் உயரத்தில், அதுவும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, புரொய்லர் குஞ்சு இறக்காதீர்கள். 200க்குப் பதிலாக 40, 50 நாட்டுக்கோழி, அல்லது முட்டைக்கும் கறிக்கும் ஆகும் மெதுவாக வளரும் இனம் வையுங்கள். குண்டசாலை கரந்தகொல்லையில் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குஞ்சு எங்கே கிடைக்கும் என்பதை வைத்திய அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். உண்மையைச் சொல்ல வேண்டும்: ஆறு கிழமையில் கையில் காசு வராது. நாலு மாதம் ஆகும், தீனும் கூடும். ஆனால் முனி கும்பிடுக்கும் தீபாவளிக்கும் நாட்டுச் சேவல் தேடி வருகிறவர்கள் கிலோக் கணக்கில் பேரம் பேசுவதில்லை. 19 கோழி செத்த நட்டத்தையும் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

இப்போது இருப்பவற்றை விற்கும்போது பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள், இந்த இதயம் தாங்காது. இரவில் விளக்கைக் குறைத்து, இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து நெஞ்சைத் தாங்கித் தூக்குங்கள். காலைக் கட்டித் தலைகீழாக முச்சக்கர வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டு போனால் தொடை மூட்டே கழன்றுவிடலாம். வாங்க வருகிறவரைக் காற்றோட்டமான பெட்டி கொண்டு வரச் சொல்லுங்கள். வீட்டில் அறுப்பதென்றால் மற்றக் கோழிகள் பார்க்காத இடத்தில், தகரத்தைப் புனல் மாதிரிச் சுருட்டிக் கட்டி அதற்குள் தலைகீழாக விட்டால் படபடப்பது குறையும். கத்தி அன்றைக்குத் தீட்டியதாக இருக்கட்டும். இரத்தம் முழுக்க வடிந்து, அசைவு நின்று, இரண்டு நிமிடமாவது போன பிறகுதான் சுடுநீரில் போடலாம்.