மானியக் கணக்கில் கையெழுத்திடும் பொருளாளருக்கு எவ்வளவு பொறுப்பு?

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகப் பகல்நேரச் சிறப்புப் பள்ளி நடத்தும் ஒரு சிறிய சங்கத்தில் நான்கு மாதங்களுக்கு முன் பொருளாளராகப் பொறுப்பேற்றேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். மத்திய அரசின் தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டத்தில் எங்களுக்கு மானியம் வருகிறது. பொறுப்பேற்ற அன்றே செயலாளர் கேட்டுக்கொண்டபடி ஒரு முழுக் காசோலைப் புத்தகத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். பழைய கோப்புகளைப் புரட்டியபோது, சென்ற ஆண்டு மானியம் முழுவதும் செலவானதாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பப்பட்டிருப்பதும், அன்றைய தேதியில் வங்கியில் 2,80,000 ரூபாய் இருந்ததும் தெரிந்தன. அதிலிருந்து 1,50,000 ரூபாய் பின்னர் சங்கத்தின் பெயரில் இடம் வாங்க முன்பணமாகப் போயிருக்கிறது. ஆசிரியைகள் முழுச் சம்பளம் வங்கியில் பெற்று, அதில் ஒரு பகுதியை மாதந்தோறும் ரொக்கமாகத் திருப்பித் தருகிறார்கள். மானியம் தாமதமாகும் மாதங்களைச் சமாளிக்க அந்தப் பணம் வேண்டும் என்கிறார் செயலாளர். அவர் தம் சொந்த மகனுக்காக இந்தப் பள்ளியைத் தொடங்கியவர். ஒரு ரூபாயும் வீட்டுக்கு எடுத்துச் சென்றவரல்லர். செயற்குழுவின் ஏழு பேரில் அவர், அவர் மனைவி, மைத்துனர் என மூவர் ஒரே குடும்பம். இந்த ஆண்டுக்கான சான்றிதழில் இப்போது என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். நான் விலகிவிடலாமா? எனக்குச் சட்டப்படி ஆபத்து உண்டா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

விலகுவது பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், உங்களிடம் கையெழுத்துக் கேட்கும் அந்தச் சான்றிதழை ஒரு முறை நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-இன்படி மானியம் பெறும் நிறுவனங்கள் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அதில் இரண்டு கையெழுத்துகள் கேட்கப்படுகின்றன: ஒன்று நிறுவனத் தலைவருடையது, மற்றொன்று நிதிப் பொறுப்பாளருடையது. உங்கள் சங்கத்தில் அந்த இரண்டாவது இடம் பொருளாளரான உங்களுடையது. பெரும்பாலோர் அந்தப் படிவத்தில் தொகைகள் இருக்கும் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். கட்டத்துக்குக் கீழே இருக்கும் வாசகங்கள்தான் முக்கியமானவை. கணக்குப் புத்தகங்களும் சொத்துப் பதிவேடும் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன என்றும், பொது நிதியைப் பாதுகாக்க உள்கட்டுப்பாடுகள் நடைமுறையில் இருக்கின்றன என்றும், பொறுப்புகள் இன்னாருக்கு இன்னது எனத் தெளிவாகப் பிரித்துத் தரப்பட்டிருக்கின்றன என்றும், விதிகளுக்கு முரணான எந்தப் பரிவர்த்தனையும் தமக்குத் தெரிந்தவரை நடக்கவில்லை என்றும் கையெழுத்திடுபவர் உறுதி கூறுகிறார்.

ஆகவே, நிதிக் கட்டுப்பாடு என்பது வசதி இருந்தால் செய்துகொள்ளும் நல்ல பழக்கம் அன்று. உங்கள் சங்கம் அரசுக்கு ஏற்கெனவே எழுத்தில் உறுதி கூறியிருக்கும் ஒரு நிலை அது. அந்த நிலை உண்மையில் இல்லாதபோது அதில் கையெழுத்திடுவது, யாரும் ஒரு பைசாவும் எடுக்காவிட்டாலும், பொய்யான சான்று தருவதாகிவிடும். செயலாளரின் நேர்மையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை நான் ஐயுறவில்லை. ஆனால் அதிகாரியும் தணிக்கையாளரும் நீதிமன்றமும் முதலில் பார்ப்பது ஆவணங்களைத்தான்.

உங்கள் தனிப்பட்ட பொறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேற்சொன்ன விதிகளில் 231-ஆம் விதி, மானியம் பெறும் அமைப்பின் செயற்குழு உறுப்பினர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் தங்களைக் கட்டுப்படுத்தும் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்கிறது. நிபந்தனைகளை மீறினாலோ, நிதியை வேறு காரியத்துக்குத் திருப்பினாலோ, பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் மானியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தரும் பொறுப்புக்கு உள்ளாவார்கள். தனித்தனியாகவும் என்ற சொல்லின் விளைவு, முழுத் தொகையையும் ஒருவரிடமிருந்தே வசூலிக்கலாம் என்பதாகும். நான்கு மாதங்களுக்கு முன் வந்த நீங்கள் பழைய பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் பொறுப்பேற்ற பின் உங்களிடம் எந்த முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதைக் கோப்பில் பார்த்து, அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குற்றவியல் பக்கம் இதைவிடக் கவனத்துக்குரியது. ஊழல் தடுப்புச் சட்டம், 1988-இன் 2-ஆம் பிரிவு, அரசிடமிருந்து நிதியுதவி பெறும் கல்வி, சமூக, பண்பாட்டு நிறுவனங்களின் நிர்வாகிகளையும் ஊழியர்களையும் பொது ஊழியர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. சம்பளம் வாங்காமல் தொண்டாகப் பொறுப்பு வகிப்பவர்கள் பலருக்கு இது தெரியாது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்தை நேர்மையற்ற முறையில் கையாடும் பொது ஊழியருக்கு அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு நான்கு ஆண்டுகளுக்குக் குறையாத, பத்து ஆண்டுகள் வரையிலான சிறைத் தண்டனையை விதிக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் நம்பிக்கை மோசடிக்கு 316-ஆம் பிரிவும், கணக்குகளைப் பொய்யாக்குவதற்கு 344-ஆம் பிரிவும் இருக்கின்றன. எடுத்த பணத்தைப் பிறகு திருப்பி வைத்துவிடுவோம் என்பதும் முழுமையான பதிலாகாது. தற்காலிகமாகக் கையாடுவதும் கையாடலே என்று 314-ஆம் பிரிவின் விளக்கம் வெளிப்படையாகச் சொல்கிறது.

இதைப் படித்து அஞ்ச வேண்டாம். இக்குற்றங்கள் எல்லாவற்றுக்கும் நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும். ஒரு பதவியில் இருந்தார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவர் மீது குற்றப் பொறுப்பை ஏற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நீங்கள் வருவதற்கு முன் நடந்தவற்றுக்கு நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள். ஆனால் இன்று முதல் உங்கள் நிலை வேறு. உங்களுக்கு உண்மை தெரியும். தெரிந்த பின் இடும் கையெழுத்தை, தெரியாமல் இட்டேன் என்று பின்னொரு நாளில் சொல்ல முடியாது.

இனி நீங்கள் குறிப்பிட்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காசோலைகளை இன்றே நிறுத்துங்கள். மீதமிருக்கும் தாள்களின் எண்களைக் குறித்து, அவற்றைத் திரும்பப் பெற்று ரத்து செய்யுங்கள். செயலாளர் தர மறுத்தால், அந்த எண்களுக்குப் பணம் வழங்க வேண்டாம் என்று வங்கிக் கிளைக்கு எழுத்தில் அறிவித்து, ஒப்புகைப் பெற்றுக்கொள்ளுங்கள். நிரப்பாத காசோலையில் கையெழுத்திட்டுத் தாமாக முன்வந்து கொடுத்தவர், பிறர் அதை நிரப்பினார் என்பதற்காக மட்டும் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது என்பதை, காசோலை வழக்கொன்றில் (பீர் சிங் எதிர் முகேஷ் குமார், 2019) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற விதி இருப்பதே, இருவர் தனித்தனியே யோசித்துச் சம்மதிக்க வேண்டும் என்பதற்காகத்தான். இணையவழி வங்கிச் சேவையிலும் அரசு நிதி எப்படிச் செலவாகிறது என்பதைக் கண்காணிக்கும் மத்திய அரசின் பி.எஃப்.எம்.எஸ். தளத்திலும் இதே தவறு வேறு உருவில் நடப்பதைப் பார்க்கிறேன். பணம் அனுப்பப் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று ஏற்பாடு இருக்கும். ஆனால் இரண்டு கடவுச்சொற்களும் ஒரே எழுத்தரிடமும், இரண்டு ஓ.டி.பி.-களும் செயலாளரின் கைபேசியிலும் இருக்கும். உங்கள் பெயரில் பதிவான கைபேசி எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

சென்ற ஆண்டின் சான்றிதழ் திருத்தப்பட வேண்டும். மானியம் பிப்ரவரி, மார்ச்சில் வந்து சேர்வதும், ஆண்டு முடிவதற்குள் செலவிட முடியாமல் போவதும் சங்கத்தின் குற்றமல்ல. அந்தப் படிவத்திலேயே செலவாகாத மீதத்துக்கும், ஈட்டிய வட்டிக்கும் இடம் இருக்கிறது. உள்ளபடி மீதத்தைக் காட்டியிருந்தால், அடுத்த தவணையில் அதைக் கழித்துக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். அந்தக் குறைவுக்கு அஞ்சித்தான் இந்தப் பொய்க் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. மானியத் தொகைக்கு வங்கி தந்த வட்டி சங்கத்துக்குச் சொந்தமானதன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கு முடிந்தவுடன் அது மத்திய அரசின் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும் என்கிறது 230-ஆம் விதி. சான்றளித்த பட்டயக் கணக்காளரைச் செயற்குழு எழுத்தில் அணுகி, வங்கிக் கணக்கு விவரத்துடன் ஒப்பிட்டுப் புதிய சான்று தருமாறு கோர வேண்டும். அவருடைய சான்றுகள் யு.டி.ஐ.என். என்ற தனி அடையாள எண்ணுடன் பதிவாகின்றன. காரணம் குறிப்பிட்டுப் பழையதைத் திரும்பப் பெற்றுப் புதிதாக வழங்க வழியுண்டு. திருத்திய சான்றிதழை விளக்கக் கடிதத்துடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் வழியாக மானியம் வழங்கிய துறைக்கு அனுப்புங்கள். தணிக்கை வந்து கண்டுபிடிப்பதற்கு முன் தாமாக முன்வந்து திருத்தியது, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதற்குச் சங்கத்திடம் இருக்கக்கூடிய மிக வலுவான சான்றாகும்.

இடத்துக்கான முன்பணம், மானியத்தை எதற்குச் செலவிடலாம் என்று சொல்லும் ஒப்பளிப்பு ஆணையில் உள்ள செலவன்று. இடம் சங்கத்தின் பெயரில்தான் என்பதால் செயலாளருக்குத் தனி ஆதாயம் இல்லை. அது குற்றவியல் கோணத்தில் அவருக்குச் சாதகமானது. ஆனாலும் நிதியைத் திருப்பியது திருப்பியதுதான். சங்கத்தின் பொது நன்கொடைக் கணக்கிலிருந்தோ, உறுப்பினர்களிடம் திரட்டியோ 1,50,000 ரூபாயை மானியக் கணக்கில் செலுத்தி, என்ன நடந்தது, எப்போது ஈடுசெய்யப்பட்டது என்பதைச் செயற்குழுத் தீர்மானத்தில் பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்மானத்தில் பழைய தேதியிடச் சொல்வார்கள். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். முன்தேதியிட்ட ஒரு தாள், வெறும் விதிமீறலாக இருந்ததைப் பொய் ஆவணம் புனைந்த குற்றமாக மாற்றிவிடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஆசிரியைகளின் சம்பளம்தான். சிறப்புப் பள்ளிகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஏற்கெனவே குறைந்த மதிப்பூதியத்தில், உடலையும் மனத்தையும் தேய்க்கும் வேலையைச் செய்கிறவர்கள். அரசு அவர்கள் பெயரில் தரும் தொகையின் ஒரு பகுதியை அவர்களிடமிருந்தே திரும்ப வாங்கிப் பள்ளி நடத்துவது எந்த நோக்கத்துக்காக என்றாலும் நியாயமன்று. தானாகக் கொடுக்கிறார்கள் என்ற வாதமும் நிற்காது. எல்லோரும் ஒவ்வொரு மாதமும், சம்பளம் ஏறிய மறுநாளே, ரொக்கமாகத் தருவது நன்கொடையின் இயல்பு அன்று. ரசீது தரப்படாவிட்டால் அது கணக்கில் வராத பணம். ரசீது தந்திருந்தால், அந்த ரசீதுப் புத்தகமே ஒவ்வொரு மாதத்துக்குமான சாட்சி. ஓர் ஆசிரியை மனக்கசப்புடன் வேலையை விட்டு வெளியேறி எழுதும் ஒரு புகாரே ஊழல் தடுப்புத் துறையின் விசாரணைக்குப் போதுமானது.

இந்த மாதமே இதை நிறுத்தச் செய்யுங்கள். கையில் இருக்கும் ரொக்கத்தைச் செயற்குழு உறுப்பினர் இருவர் முன்னிலையில் எண்ணி வங்கியில் செலுத்தி, யாரிடமிருந்து எவ்வளவு வாங்கப்பட்டது என்ற பட்டியலைத் தயாரித்து, அவரவர் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். செலவாகிவிட்ட பகுதியைத் தவணைகளாகவேனும் தருவதாகத் தீர்மானம் போடுங்கள். மானியம் தாமதமாகும் மாதங்கள் உண்மையான துன்பம்தான். அதற்குப் பொது நன்கொடையிலிருந்து ஒரு சுழல்நிதி ஏற்படுத்தி, மானியம் வந்ததும் அந்த நிதிக்கு ஈடுசெய்வது முறையான வழி. துறையின் எழுத்துபூர்வ அனுமதி அதற்கு முன்பே பெறப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

நான்கைந்து ஊழியர்கள் மட்டுமே உள்ள இடத்தில் பொறுப்புகளை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி எழும். ஒரே நபர் ஒரு செலவைக் கோரி, அனுமதித்து, பணம் கொடுத்து, கணக்கிலும் எழுதக் கூடாது. இது ஒன்று நடந்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வராது. தலைமை ஆசிரியை கோரட்டும், செயலாளர் அனுமதிக்கட்டும், வவுச்சரும் பில்லும் இணைந்திருப்பதைப் பார்த்த பின்பே நீங்கள் காசோலையில் கையெழுத்திடுங்கள், கணக்கை எழுத்தர் எழுதட்டும். வங்கிக் கணக்கு விவரம் மாதந்தோறும், கணக்கு எழுதாத, செயலாளரின் குடும்பத்தைச் சேராத ஓர் உறுப்பினருக்கு நேரடியாகப் போய்ச் சேர வேண்டும்; அவர் ரொக்கப் புத்தகத்துடன் ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். கையெழுத்திடும் அதிகாரம் கொண்டவர்களில் ஒரே குடும்பத்தினர் இருவர் இருக்கக் கூடாது. மானியத்துக்குத் தனிக் கணக்கேடும், மானியத்தில் வாங்கிய பொருள்களுக்குச் சொத்துப் பதிவேடும் கட்டாயம் வேண்டும். அவற்றை அரசின் முன்அனுமதியின்றி விற்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது. இந்தக் கணக்குகளை மானியம் வழங்கிய துறையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும் என்று 236-ஆம் விதி கூறுவதால், தாள்கள் ஒழுங்காக ஓரிடத்தில் இருப்பதே பாதி வேலை.

இவற்றைச் செயலாளரிடம் முதலில் நேரில் எடுத்துச் சொல்லுங்கள். தம் மகனுக்காகப் பள்ளி தொடங்கியவருக்கு, பள்ளியின் பதிவு பறிபோகும் நிலை வந்தால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பது நம்மைவிட நன்றாகவே புரியும். பின்னர் எல்லாவற்றையும் கடிதமாக எழுதி, செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். குழுவில் குடும்பத்தைச் சேராத நான்கு பேர் இருக்கிறீர்கள். பெரும்பான்மை உங்கள் பக்கம்தான் என்பதை மறக்க வேண்டாம். பேச்சுக்குப் பின் குழு எதையும் திருத்த மறுத்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் 36-ஆம் பிரிவின்படி செயற்குழுவின் பெரும்பான்மையினரோ, சங்க உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களோ மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கோரலாம். அந்த வழியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலகுவதும் அதற்குப் பிறகுதான். இன்றே ஒரு வரிக் கடிதத்தில் விலகினால், நான்கு மாதக் காசோலைகளில் உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கும். நீங்கள் எதிர்த்தீர்கள் என்பதற்கு ஒரு தாளும் இருக்காது. விலகியே ஆக வேண்டும் என்றால், காரணங்களைக் குறிப்பிட்டு எழுதி, கடிதத்தின் நகலை சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் தபாலில் சங்கத்துக்கும் வங்கிக்கும் அனுப்புங்கள். நிர்வாகிகள் மாற்றத்துக்கான படிவம் பதிவாளரிடம் தாக்கலாகும் வரை பதிவேட்டில் உங்கள் பெயரே இருக்கும். ஆகவே அந்த அலுவலகத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும்.

இந்த ஆண்டின் சான்றிதழைப் பொறுத்தவரை, மேற்சொன்னவை திருத்தப்படும் வரை கையெழுத்திட வேண்டாம். கால தாமதம் ஆகும் என்றால், கணக்குகள் சரிபார்க்கப்பட்டு வருவதால் சான்றிதழ் சமர்ப்பிக்கக் கூடுதல் காலம் வேண்டும் என்று செயற்குழுவின் பெயரில் துறைக்கு ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள்.