கணக்கு டீச்சரைக் கேளுங்க: மைனஸ் எங்க தொலையுது?

இந்தத் தடவை வந்த லெட்டர்ல முக்காவாசி பெங்களூருல இருந்துதான், காலேஜ் சீசன் இல்லையா, கணக்குல தப்பு வருதேன்னு வீட்டுக்கு வீடு இதே புலம்பல்.

*

கேள்வி: வணக்கம் டீச்சர். பையன் எஸ்எஸ்எல்சி முடிச்சு ஃபர்ஸ்ட் பியூ (பதினொண்ணாங்கிளாஸ்) சயின்ஸ் சேர்ந்திருக்கான். கிளாஸ்ல எல்லாம் புரியுதுங்கறான், டெஸ்ட் பேப்பர் வந்தா பாதி கணக்கு தப்பு. கேட்டா "ஸில்லி மிஸ்டேக்மா"ங்கறான். டியூஷன் மாத்திடலாமா?
– வாசகி, அல்சூர்

பதில்: டியூஷன் மாத்தறது இருக்கட்டும்மா, முதல்ல அந்தப் பழைய டெஸ்ட் பேப்பரையெல்லாம் எடைக்குப் போடாம எடுத்து வைங்க. ஸில்லி மிஸ்டேக் யாருக்கும் வரும்தான், ஆனா ஒரே தப்பு மூணு பேப்பர்ல வந்தா அது ஸில்லி இல்ல, பழக்கம். சிவப்பு இங்க்ல சுழிச்சிருக்கற இடத்துக்கு ரெண்டு வரி மேல போய்ப் பாருங்க. டிரிக்னாமெட்ரி வரலைன்னு அவன் சொல்லுவான், பார்த்தா டிரிக்னாமெட்ரி சரியாத்தான் போட்டிருப்பான், பின்னத்தைக் கூட்டினதுல கோட்டை விட்டிருப்பான், இல்லேன்னா பிராக்கெட்டைப் பிரிக்கும்போது மைனஸ் உள்ள போகாம வாசல்லயே நின்னிருக்கும். 5 − (எக்ஸ் − 3) இதை 5 − எக்ஸ் − 3ன்னு எழுதிட்டு 2 − எக்ஸ்னு முடிச்சிருப்பான். வரவேண்டியது 8 − எக்ஸ்.

இதுக்கு நான் பசங்களுக்குச் சொல்றது ஒண்ணுதான், சந்தேகம் வந்தா எழுத்துக்குப் பதிலா ஒரு நம்பரைப் போட்டுப் பாரு. எக்ஸ் 4ன்னு வை, 5லிருந்து 1 போனா 4, உன் விடை 2 − 4, அதாவது மைனஸ் 2, எங்கயோ உதைக்குதுல்ல? ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயரை ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்னு எழுதறாங்களே, அவங்களும் 3, 4 போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும், 7 ஸ்கொயர் 49, இவங்க கணக்குப்படி 9 பிளஸ் 16, வெறும் 25தான், நடுவுல 2ஏபின்னு ஒரு 24 காணாமப் போச்சு. பின்னமும் அப்படித்தான். 1/2 + 1/3 = 2/5ன்னு மேலயும் கீழயும் கூட்டி வைக்கற பசங்க பியூலயும் இருக்காங்க, 2/5 பாதியை விடக் கம்மியாச்சே, பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிக் கம்மியாகும்னு கேட்டா முழிக்கிறாங்க. சரியான விடை 5/6.

இன்னொண்ணு, "அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும்"னு சின்ன கிளாஸ்ல சொல்லிக் குடுத்திடறோம் பாருங்க, எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எரிச்சல் வரும். 3எக்ஸ் = 12ன்னு குடுத்தா 3 அந்தப் பக்கம் போயி மைனஸ் 3 ஆயிடுச்சாம், எக்ஸ் 9ஆம்! எதுவும் எங்கயும் போகலை, ரெண்டு பக்கத்தையும் 3ஆல வகுக்கறோம், எக்ஸ் 4, அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்கு அந்த "ரெண்டு பக்கமும்"ங்கற வரியை முழுசா எழுதச் சொல்லுங்க, ஷார்ட்கட் அப்புறம் தானா வரும்.

அதனால புது கைடெல்லாம் வேணாம். என்சிஇஆர்டி 7, 8-ம் வகுப்புப் புத்தகம் அவங்க வெப்சைட்லயே ஃப்ரீயா பிடிஎஃப் கிடைக்குது, அதுல முழுக்கள், பின்னம், எளிய சமன்பாடு இந்த மூணு பாடம் போதும். பியூ பையன் கையில ஏழாங்கிளாஸ் புக்கான்னு வெட்கப்படுவான், பிரிண்ட் எடுத்து நியூஸ்பேப்பர்ல அட்டை போட்டுக் குடுத்திடுங்க. தினம் இருபது நிமிஷம், ஆனா ஒரே மாதிரி நாப்பது கணக்கு வரிசையா போடறது வேஸ்ட், மூணாவது கணக்குக்கு மேல கை தானா ஓடும், மூளை தூங்கிடும். ரெண்டு பின்னம், ரெண்டு பிராக்கெட், ஒரு பர்சென்டேஜ், ஒரு சமன்பாடுன்னு கலந்து போடணும். தப்பானதை மட்டும் தனி நோட்ல தேதி போட்டு எழுதி வச்சு அடுத்த வாரம் அதையே பார்க்காம திரும்பப் போடச் சொல்லுங்க. நீங்களும் கூட உக்காரணும்னா தமிழ்நாடு அரசுப் பாடப்புத்தகம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் நெட்ல இருக்கு, தமிழை நீங்க வச்சுக்கங்க இங்கிலீஷை அவன்கிட்ட குடுங்க.

*

கேள்வி: டீச்சர், நான் பியூல ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், பிசினஸ் ஸ்டடீஸ், அக்கவுன்டன்சி எடுத்தேன், மேத்ஸ் தொட்டு ரெண்டு வருஷமாச்சு. இப்போ பி.காம். சேரப்போறேன், பயமா இருக்கு.
– வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: பயப்படாத கண்ணு, உனக்கு முதல்ல வேண்டியது பர்சென்டேஜும் ரேஷியோவும் நேர்க்கோட்டு சமன்பாடும்தான். பர்சென்டேஜ்ல எல்லாரும் விழற குழி ஒண்ணு இருக்கு, எதுல பர்சென்ட்ங்கறது. 18% ஜிஎஸ்டி சேர்த்து பில் 1180 ரூபா, வரி இல்லாம விலை என்ன? 1180ல 18% கழிச்சு 967.60ன்னு எழுதினா போச்சு. 18% போட்டது அசல் விலை மேல, அதனால 1180ஐ 1.18ஆல வகுக்கணும், 1000 ரூபா. அதே மாதிரிதான் 500 ரூபா சுடிதாரை 20% குறைச்சு 400 ஆக்கிட்டு திரும்ப 20% ஏத்தினா 480தான் வரும், 500 வராது.

சமன்பாட்டுக்கு நம்ம பெங்களூரு ஆட்டோ இருக்கு. 2025 ஆகஸ்ட்ல இருந்து மீட்டர் கணக்கு முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபா, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 18, வெயிட்டிங் தனி (மீட்டர் போட்டு யாரு வர்றாங்கங்கறது வேற கதை). தூரம் எக்ஸ் கிலோமீட்டர்னா, ரெண்டுக்கு மேல போனா, 36 + 18(எக்ஸ் − 2). பிராக்கெட்டைப் பிரி, 36 + 18எக்ஸ் − 36, ரெண்டு 36ம் அடிபட்டு வெறும் 18எக்ஸ்! அப்போ 5 கிலோமீட்டருக்கு 90, ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணரை மடங்கு, 135. "மீட்டர் மேல முப்பது குடும்மா"ன்னா 18எக்ஸ் + 30, அதுதான் உங்க எகனாமிக்ஸ் புக்ல கிராஃபா வரும், 18 சரிவு, 30 கோடு ஆரம்பிக்கற இடம். இப்போ பகல்ல அந்த முப்பதையும் சேர்த்து மொத்தம் 210 குடுத்தேன்னு வச்சுக்க, எத்தனை கிலோமீட்டர் போயிருப்பேன்? பேப்பர்ல போடு, 10 வரணும்.

*

கேள்வி: போட்டோ எடுத்தா ஆப் கணக்கைப் போட்டுக் குடுக்குது. பொண்ணு அதையே பார்த்து எழுதறா, தடுக்கலாமா?
– வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: தடுத்தா பாத்ரூம்ல போயி பார்ப்பா சார். முதல்ல தன் கையால முழுசா போடணும், அப்புறம்தான் போட்டோன்னு ரூல் வைங்க. ஆப்போட ஸ்டெப்பும் அவ ஸ்டெப்பும் எந்த வரியில முதல்ல பிரியுதோ அங்க ஒரு வட்டம் போட்டுக் காட்டணும். அந்த வட்டத்தை நீங்க பார்த்தா போதும், கணக்கு உங்களுக்குத் தெரியணும்னு அவசியமில்ல.

*

கேள்வி: எனக்கு வயசு எழுபதுக்கு மேல. எட்டாவது படிக்கிற பேத்திக்கு மாகாணி வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறேன்னா மருமகள் சிரிக்கிறாள். பிரயோஜனம் உண்டா?
– வாசகர், மர்பி டவுன்

பதில்: தாராளமா சொல்லிக் குடுங்க ஐயா, கால், அரைக்கால், வீசம், அதாவது மாகாணி (1/16) வரைக்கும். முந்திரி, 1/320 வரைக்கும் எல்லாம் இழுக்க வேணாம், பாப்பா ஓடிடும். 1/4ல பாதி எவ்வளவுன்னா 4ல பாதி 2, அதனால 1/2ன்னு சொல்ற பசங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன், காலுல பாதி அரைக்கால்னு காதுல விழுந்த பிள்ளை 1/8ன்னு சட்டுனு சொல்லும். முக்காலே மூணு வீசம்னா எவ்வளவுன்னு பின்னமா கூட்டச் சொல்லுங்க, 3/4 + 3/16, அதாவது 15/16. மருமகளையும் கேளுங்க, சும்மா.

*

கேள்வி: சிஇடி (கர்நாடகா என்ட்ரன்ஸ் பரீட்சை) மேத்ஸ்ல டைம் பத்தலை டீச்சர். ஸ்பீடு எப்படி ஏத்தறது?
– வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: 60 கேள்வி, 80 நிமிஷம், ஒண்ணுக்கு 80 செகண்டுதான், கால்குலேட்டரும் கிடையாது. 17ஐ 6ஆல பெருக்க நிறுத்தி யோசிச்சா அங்கயே பத்து செகண்ட் போச்சு. 25 வரைக்கும் ஸ்கொயர், 10 வரைக்கும் கியூப், 1/8ன்னா 12.5 பர்சென்ட் மாதிரி ஒரு பத்துப் பன்னெண்டு, இதை பஸ்ல போகும்போது வாயால சொல்லிப் பழகு. எழுதாம மனசுல போடற ஸ்டெப்பைக் குறைச்சுக்க, அங்கதான் பிளஸ், மைனஸ் மாறுது, திரும்பப் போட டபுள் டைம் ஆகும். முதல் ரவுண்டுல வர்றதை மட்டும் போட்டுட்டுப் போ, ஒரு கணக்குல மாட்டிக்கிட்டு உக்காராத. நெகட்டிவ் மார்க் இல்லாத பரீட்சை, கடைசி அஞ்சு நிமிஷத்துல ஓஎம்ஆர் விடைத்தாள்ல எதையும் காலியா விடாம நிரப்பிட்டு வா.