அடித்த காசும் கொடுத்த காசும்

கையால் அடித்த வில்லைகள் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: எஃகு அச்சில் உருவத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே செம்பு அல்லது வெள்ளி வில்லையை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்துச் செய்வது இது. பணமாகச் செல்லாது. நாணயம் சேர்ப்பவர்களுக்கென்றே சில கைவினைஞர்கள் செய்கிறார்கள்.

ஒருவரிடம் ஆறு செம்பு வில்லை வாங்கினேன். எதிலும் உருவம் நட்டநடுவில் இல்லை. ஒன்றின் ஓரம் வெடித்திருக்கிறது. திருப்பி அனுப்பலாமா? – ஈரோடு

வேண்டாம். கையால் அடித்தால் அப்படித்தான் வரும். அச்சில் ஒரு கீறல் இருந்தால் அது ஆறிலும் விழும். ஆனால் வில்லை உட்காரும் இடமும் சுத்தியல் விழும் சாய்வும் ஒவ்வொரு அடிக்கும் மாறும். ஆறிலும் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு இருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். அது அடித்தது அல்ல, வார்த்தது. வெடிப்பு உருவத்தையே விழுங்கியிருந்தால் மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வில்லையில் பச்சையாகக் களிம்பு பிடித்தது. புளி போட்டுத் தேய்த்தேன். விற்றவர் இப்போது திரும்ப எடுக்க மறுக்கிறார். – கும்பகோணம்

அவர் மறுப்பது நியாயம். 'தேய்க்கக் கூடாது' என்று சீட்டு வைத்து அனுப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குத்துவிளக்கைத் தேய்ப்பது போலக் காசைத் தேய்த்தால் அதன் தோலே போய்விடும், திரும்ப வராது. அடுத்ததை மெத்தென்ற பிவிசி உறையில் போட்டு வைக்காதீர்கள். நாளானால் அந்த உறையே களிம்பைக் கொண்டுவரும்.

பத்து வருடத்தில் விலை ஏறுமா? – மதுரை

ஏற வேண்டும் என்று வாங்குவதானால் வாங்காதீர்கள்.

வெள்ளி வில்லை என்று வாங்கினேன். பில்லில் 'ஜெ. சில்வர்' என்றிருக்கிறது. – சேலம்

அது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. வெள்ளி ஒரு பொட்டுக்கூட இல்லை. நானும் இதில் பணம் இழந்திருக்கிறேன். மூன்று வில்லைகள், மொத்தம் 5,400 ரூபாய். பில்லை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

வீட்டிலேயே சோதிக்கலாம். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் வில்லையை எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யம் ஆக்குங்கள். வில்லையை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். 21 கிராம் வில்லை என்றால், வெள்ளிக்குத் தராசு 2.0 கிராமை ஒட்டிக் காட்டும். ஜெர்மன் சில்வருக்கு 2.4 வரை போகும். பில்லில் 'வெள்ளி' என்ற சொல்லும், 925 என்றோ 999 என்றோ சுத்தமும், எடையும் இருக்க வேண்டும். செய்கூலி எவ்வளவு என்றும் தனியாகக் கேளுங்கள். கையால் செதுக்கிய வேலைக்குச் செய்கூலி உலோக விலையைவிட அதிகமாக இருப்பதில் தப்பில்லை. விற்பவர் அதைச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

என் அப்பாவுக்கு 71 வயது. ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818ஆம் ஆண்டு கம்பெனி அரையணா என்று 18,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டார். இப்போது ஒருவர் அதை ஐந்து லட்சத்துக்கு வாங்குகிறேன், முதலில் வரி கட்டுங்கள் என்று கூப்பிடுகிறார். – திருச்சி

அம்மா, அப்பாவைத் திட்டாதீர்கள். நம்பும்படியாகத்தான் இதைச் செய்து வைத்திருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த வராகன் என்ற பொற்காசுகளில் சாமி உருவம் உண்மையாகவே உண்டு. மூன்று சாமி வராகன் என்றே ஒன்று இருந்தது. அதனால் இதையும் நம்பத் தோன்றும். ஆனால் ராமர், சீதை, அனுமன் பொறித்து 1818 என்று ஆண்டு போட்ட அரையணாவைக் கம்பெனி அடிக்கவே இல்லை. ராமடங்கா என்ற கோயில் வில்லைகளைப் பார்த்து யாரோ பிற்பாடு செய்தது.

வரி என்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பழைய காசு விற்கக் கட்டணம், வரி என்று யாராவது கேட்டால் நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

பழைய காசுகளைப் போலவே அடித்துத் தருகிறார்கள். அதில் செய்தவர் முத்திரை இருப்பது அழகைக் கெடுக்கிறது. முத்திரை இல்லாமல் கேட்டு வாங்கலாமா? – கோவை

கூடாது. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் ராஜராஜன் காலத்துச் செம்புக்காசு என்று ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஒருபுறம் நின்ற உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. அடித்த காசுதான், வார்ப்பு இல்லை. வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், நின்ற உருவத்தின் காலடியில் ஓரிடம் மட்டும் வழவழவென்று இருந்தது. குறுக்கே அரம் தேய்த்த மெல்லிய கோடுகள். எட்டு மாதம் கழித்து வேறொரு ஊரில், அதே அச்சில் அடித்த வில்லையைப் பார்த்தேன். அதே காலடியில் இரண்டு சின்ன எழுத்து: செய்தவரின் முத்திரை. நகல் என்று சொல்லியே 400 ரூபாய்க்கு விற்றார்கள். செய்தவர் நேர்மையாகச் செய்திருக்கிறார். நடுவில் யாரோ அரத்தால் அவர் பெயரை அழித்துவிட்டார்கள்.

இது இன்று தொடங்கியது இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரில் கவீனோ என்பவர் ரோமானியக் காசுகளின் பாணியில் அருமையாகப் பதக்கங்கள் அடித்தார். அவற்றைப் பழசென்று விற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஜெர்மனியில் பெக்கர் (1772–1830) ஏமாற்றவே அடித்தவர். புதுக்காசைப் பழசாக்க, இரும்புத்தூள் நிரப்பிய பெட்டியில் போட்டுத் தன் வண்டி அச்சில் கட்டி ஓட்டுவார். அமெரிக்காவில் 1973இல் வந்த சட்டப்படி நாணய நகல்களில் 'நகல்' என்ற சொல் பொறித்திருக்க வேண்டும்.

செய்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: முத்திரையை ஓரத்தில் மெலிதாகக் குத்தாதீர்கள், உருவத்தோடு சேர்த்து அச்சிலேயே ஆழமாகச் செதுக்குங்கள். அதை அழித்தால் உருவமும் அழிய வேண்டும். கோவை நண்பரே, நீங்கள் முத்திரை வேண்டாம் என்று வாங்கும் வில்லை உங்களுக்குப் பிறகு யார் கையில் போகும்? திருச்சிக் கடிதத்தில் வரும் அப்பாவைப் போன்ற ஒருவர் கைக்குப் போகலாம்.

என் மகள் கல்யாணத்துக்கு வில்லை அடித்துத் தரச் சொல்லி 12,000 முன்பணம் அனுப்பினேன். கல்யாணமே முடிந்துவிட்டது. போன் எடுப்பதில்லை. – நாகர்கோவில்

ரொம்ப வருத்தமாக இருக்கிறது. அந்த நாள் திரும்ப வராது, பணமாவது வரட்டும். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸப் பேச்சு, தருவதாகச் சொன்ன தேதி மூன்றையும் எடுத்து வைத்து, 15 நாள் கெடு கொடுத்து ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தபால் அனுப்பிய ரசீதைத் தொலைக்காமல் வையுங்கள்.