சாரலும் தேரி மணலும் நுழையாத கதவு

காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுத்துக்கொள்ளும் கேம்பிங் டிரெய்லரை வீட்டிலேயே கட்டுகிறவர்கள் நம் பக்கம் கூடியிருக்கிறார்கள் என்பது இம்முறை வந்த கேள்விகளிலேயே தெரிகிறது. படுக்கை, விளக்கு பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கதவில்தான் சிக்கியிருக்கிறார்கள். நானும் அங்கேதான் சிக்கினேன்.

கீலை எந்தப் பக்கம் வைப்பது? எத்தனை வைப்பது? (பணகுடி வாசகர்)

பக்கவாட்டுக் கதவுக்குக் கீல் வண்டியின் முன்பக்கம்தான் வர வேண்டும். ஓடும்போது தாழ்ப்பாள் விட்டுப்போனாலும் எதிர்க்காற்று கதவைச் சாத்தியே வைத்திருக்கும். பின்பக்கம் கீல் வைத்தால் அதே காற்று கதவைப் பிய்த்துச் சாலையில் போட்டுவிடும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் டிரெய்லரின் முகம் மேற்கே பார்க்க நிறுத்துங்கள். கிழக்கே பார்த்து நின்றால், கதவை ஒரு சாண் திறந்ததுமே பின்னாலிருந்து வரும் காற்று உள்பக்கம் புகுந்து அதை வீசி எறியும். கீல் தகடு வளைவது பெரும்பாலும் இப்படித்தான். கதவு 90 பாகைக்கு மேல் போகாமல் பிடிக்க ஒரு நைலான் பட்டை போதும்.

எண்ணிக்கை: மூன்று. கதவின் எடை மேல் கீலை வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே அழுத்துகிறது. ஆகவே மூன்றாவதை நடுவில் வைக்காமல் மேல் கீலுக்கு அருகே வையுங்கள். மரத்திருகு வேண்டாம். முழுக்க ஊடுருவும் போல்ட் போட்டு, உள்பக்கம் ஒரு தகட்டுத் துண்டு கொடுத்து நட்டை முடுக்குங்கள்.

உவரியில் வீடு. இரும்புக் கீல் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. எவர்சில்வர் என்று வாங்கியதும் பழுப்பேறுகிறது. காந்தம் ஒட்டவில்லையே, பிறகு ஏன்?

காந்தம் இந்த விஷயத்தில் உதவாது. 202 என்ற மலிவு ரகமும் 304 என்ற நல்ல ரகமும் இரண்டுமே காந்தத்தை இழுக்காதவை. நீங்கள் வாங்கியது 202 ஆக இருக்கலாம். கடலோரத்துக்கு 316 தான் சரி. அதில் சேர்க்கும் மாலிப்டினம் உப்புக் காற்றின் அரிப்பை எதிர்க்கும். கிடைக்காவிட்டால் 304 வாங்கி, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

அலுமினியத் தகட்டின்மேல் பித்தளைக் கீல் போடாதீர்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். எவர்சில்வர் கீலுக்கும் இந்தத் தொல்லை ஓரளவு உண்டு. அடியில் மெல்லிய ரப்பர் ஷீட்டும் போல்டுக்கு நைலான் வாஷரும் கொடுங்கள்.

தென்காசியிலிருந்து: அண்ணாச்சி, தடிமனான ரப்பர் பீடிங் ஒட்டியும் சாரலில் கதவுக்கு மேலே தண்ணீர் வடிகிறது. இன்னும் தடிமனாகப் போடவா?

போட வேண்டாம். நான் செய்த அதே தப்பைச் செய்யப் பார்க்கிறீர்கள். என் முதல் டிரெய்லரைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போன இரவு, இரண்டு மணி வாக்கில் தலையணை நனைந்து எழுந்தேன். ரப்பர் உலர்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கீல் திருகின் முனையில் ஒரு சொட்டு, அது விழுந்ததும் அடுத்த சொட்டு. திருகுத் துளை வழியாகத் தண்ணீர் பிளைவுட்டுக்குள் போயிருந்தது. ஊருக்குத் திரும்பிக் கழற்றியபோது பலகையின் விளிம்பு பழைய நோட்டுப் புத்தகம் போல ஏடு ஏடாக விரிந்து நின்றது.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய 95 சென்டிமீட்டர் போன்ற பெருமழையைக்கூடக் கூரை சமாளித்துவிடும். அது மேலிருந்து விழுவது. சாரல் அப்படியில்லை. காற்றோடு படுக்கையாக வந்து, இடுக்கு எங்கே என்று தேடும்.

முதல் வேலை, வாசலுக்கு மேல் வீட்டுக்குச் சன்ஷேட் வைக்கிற மாதிரி ஓர் அலுமினிய ஆங்கிள். கதவைவிட இருபுறமும் மூன்று விரல் நீளம் கூடுதலாக, ஒரு பக்கம் லேசாகச் சரிந்து இருக்கட்டும். ரப்பரை எட்டும் தண்ணீரில் பாதி இதிலேயே குறையும்.

இரண்டாவது, ரப்பரின் அமுக்கம். உள்ளே குழிவான ‘டி’ வடிவ ஈ.பி.டி.எம். (வெயிலும் மழையும் தாங்கும் செயற்கை ரப்பர்) வாங்குங்கள். 10 மி.மீ. உயரம் என்றால் கதவு சாத்தியபின் ஏறக்குறைய 7 மி.மீ. இருக்க வேண்டும். நீங்கள் தடிமன் கூட்டினால், கீல் பக்கம் ரப்பர் முதலில் நசுங்கி, தாழ்ப்பாள் பக்கம் கதவு எழும்பி நிற்கும். அதற்கு மருந்து கீலின் அடியில் அந்த 7 மி.மீ.க்கு ஏற்றபடி அடைகொடுப்பது. முன்பு கீலுக்குப் பதில் கதவு குடுமி என்ற முளையில் சுழன்ற காலத்தில் ஆசாரிமார் இந்த இடைவெளியைக் கண்ணாலேயே பார்த்துச் செதுக்கினார்கள். நமக்கு ஒரு பேப்பர் துண்டு போதும்: கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். சுற்றிலும் ஒரே பிடியோடு வர வேண்டும். வழுக்கி வரும் இடத்தில்தான் ஓட்டை.

ரப்பரின் ஒட்டு மேல் விளிம்பிலோ மூலையிலோ வரக் கூடாது. கீல் பக்கத்தின் நடுவே வரட்டும். இவ்வளவுக்குப் பிறகும் கதவிடுக்கில் கொஞ்சம் தண்ணீர் வரும். கீழ்ச் சட்டத்தில், ரப்பருக்கு வெளியே, இரண்டு வடிதுளை போட்டுவிடுங்கள். ஒவ்வொரு போல்ட் துளையையும் சற்றுப் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சி என்ற பிசினை ஊற்றி இறுகியபின் மறுபடி துளையிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பலகை தப்பிக்கும்.

கீலைச் சுற்றிச் சிலிக்கான் பூசலாமா? (அம்பாசமுத்திரம்)

பூசலாம். ஆனால் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அதன் அமிலம் உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது, எனவே பெயின்ட் வேலையை முன்னதாக முடித்துவிடுங்கள்.

சாத்தான்குளம்: தேரி மணல்மேட்டுப் பக்கம் போய்வந்தால் படுக்கை முழுக்கச் செம்மணல். மழை மட்டும் வரவில்லை.

ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புழுதி உள்ளே உறிஞ்சப்படுகிறது. கதவைப் பார்க்கும் முன் தரைப் பலகையில் வயர் போகும் துளைகளை அடையுங்கள். பிறகு முன்சுவரின் மேல்பகுதியில் பஞ்சு வடிகட்டியுடன் ஒரு சிறு காற்றுவழி வைத்து, ஓடும்போது மட்டும் திறந்து விடுங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் மணல் நுழையத் தயங்கும்.

இவ்வளவு இறுக்கி அடைத்தால் உள்ளே படுக்கலாமா? (வள்ளியூர்)

அந்த முன்சுவர் வழியைப் படுக்கும்போது நம்பாதீர்கள். எப்போதும் மூட முடியாத இரண்டு வழிகள் தனியாக வேண்டும்: ஒன்று கூரையோரம், இன்னொன்று தரையோரம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அடுப்பைக் கதவுக்கு வெளியே வைத்துச் சமையுங்கள். உள்ளே கரியடுப்பு மூட்டிக் குளிர்காயும் எண்ணமே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.